மண்சுவருக்கு சிமென்ட் சட்டை எதற்கு?

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்புச்சி கட்டிய மண் வீடு எங்கள் பங்குக்கு வந்திருக்கிறது. பச்சைக்கல் (சுடாமல் வெயிலில் காயவைத்த மண்கல்) சுவர், சீமை ஓடு. பூச்சு அங்கங்கே உதிர்ந்து கிடக்கிறது. கோழிவலை அடித்து சிமென்ட் பூசினால் நூறு வருடம் தாங்கும் என்கிறார் கொத்தனார். எனக்கோ அமெரிக்காவின் நியூ மெக்சிகோ படங்களில் வருகிற மாதிரி, மூலை மழுங்கின மண் நிற வீடாக ஆக்க ஆசை. எதைச் செய்யட்டும் அய்யா?
வாசகி, சென்னிமலை

பதில்: அம்மிணி, கொத்தனாருக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அவர் சொன்னதை 1996ல் எங்கள் அப்பாரு வீட்டில் செய்து பார்த்தவன் நான். காங்கயத்துக்குத் தெற்கே ஊர். ஆசாரத்தின், அதாவது முன்கூடத்தின், வடக்குச் சுவர் முழுக்க வலை அடித்து, சிமென்ட் ஒன்றுக்கு மணல் நாலு கலவையில் பூசினோம். மூன்று வருடம் பளபளவென்று இருந்தது. நாலாம் வருடம் கார்த்திகையில் சுவரைத் தட்டினால் காலி டின்னைத் தட்டின மாதிரி சத்தம். உரித்தோம். சிமென்ட் பலகை பலகையாகக் கழன்று வந்தது. உள்ளே இருந்த கல், காப்பியில் முக்கின ரொட்டி மாதிரி விரலோடு வந்தது. தரையிலிருந்து ஏறுகிற ஈரம் மண்பூச்சு வழியாகக் காற்றில் போய்விடும். அந்த வழியை நான்தான் அடைத்திருந்தேன். ஒரு முழ உயரத்துக்குக் கல்லையே மாற்ற வேண்டியதாயிற்று. அப்பாரு ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நீங்கள் படம் பார்த்த நியூ மெக்சிகோவிலேயே இந்தக் கூத்து நடந்திருக்கிறது. தாவோஸ் ஊருக்குப் பக்கத்தில் புனித அசிசி பிரான்சிஸ் பெயரில் பழைய பச்சைக்கல் தேவாலயம் ஒன்று உண்டு. 1967ல் அதற்கு சிமென்ட் பூசினார்கள். உள்ளே ஈரம் கட்டிச் சுவர் கெட ஆரம்பித்தது. 1979ல் அத்தனையையும் உரித்துவிட்டு, பழையபடி மண்ணையே பூசினார்கள். இப்போதும் வருடாவருடம் ஊர்க்காரர்கள் கூடி மண் பூசுகிறார்கள். நம் ஊரில் நோம்பிக்கு முன்னால் சுண்ணாம்பு அடிப்பதில்லையா, அந்த மாதிரி.

அந்த வீடுகளில் இருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. மழுங்கின மூலை, சுவரிலேயே குடைந்த மாடம், சுவரோடு ஒட்டின மண் பெஞ்சு. யோசித்துப் பார்த்தால் நம் விளக்கு மாடமும் திண்ணையும்தான். மொட்டைக் கூரையை மட்டும் அங்கேயே விட்டுவிடுங்கள். அங்கே பெய்கிற மழை நமக்குப் பெய்வதைவிட ரொம்பக் குறைவு. உங்கள் ஓட்டுச் சரிவும், சுவரைத் தாண்டி இரண்டடி நீண்ட எறவாரமும் அப்படியே இருக்கட்டும். மண்சுவருக்கு அதுதான் குடை.

இனி பூச்சு. முதலில் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிப் பக்கச் சுவரில் ஒரு சாண் சதுரத்துக்கு மூன்று இடத்தில் பூசிப் பாருங்கள். சலித்த செம்மண் ஒரு பங்குக்கு மணல் ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்கு. நன்றாகக் காய்ந்தபின் பாருங்கள். வெடித்திருந்தால் மணல் போதவில்லை. உள்ளங்கையால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தால் மணல் கூடிப்போயிற்று. இரண்டும் இல்லாததுதான் உங்கள் மண்ணுக்கான கணக்கு. எங்கள் ஊர் மண்ணுக்கு இரண்டு பங்கு சரியாக வந்தது. அதில் இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கின வைக்கோலைப் போட்டு, மிதித்து, நாலு நாள் ஊறவிடுங்கள். புளித்த வாடை வரும், பயப்பட வேண்டாம். சுவரில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பூசவேண்டும். காய்ந்த சுவரில் பூசினால் பிடிக்காது.

நிறத்துக்கு பெயின்ட் டப்பா வேண்டாம், அதுவும் சிமென்டின் தம்பிதான். கல்சுண்ணாம்பை நீற்றி, துணியில் வடிகட்டி அடியுங்கள். அடியில் ஒன்றரை அடிக்குச் செம்மண் பட்டை இழுத்துவிட்டால், மழைத் தெறிப்புக் கறையும் தெரியாது. உள்ளே அதிகம் அடைக்காதீர்கள். திண்ணையில் ஒரு பவானி ஜமக்காளம், ஆசாரத்தில் அப்புச்சியின் கயிற்றுக் கட்டில். போகியன்று எறவாரத்தில் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ சேர்த்துக் காப்புக் கட்டுவீர்கள் அல்லவா? வெள்ளைச் சுவருக்கு மேல் அந்த மஞ்சளைப் பாருங்கள், அதற்கு மேல் ஒரு அலங்காரமும் தேவைப்படாது.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கரிசல் மண்ணில் பச்சைக்கல் அறுத்துச் சாளை (தோட்டத்துச் சின்ன வீடு) கட்டலாமா?
வாசகர், உடுமலை

பதில்: கரிசலை மட்டும் வைத்து அறுத்தால் காய்கிறபோதே கல் வெடித்துவிடும். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதித் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் இறங்கும், வண்டல் அதன்மேல் உட்காரும், களி தெளிய ஒரு நாளுக்கு மேலாகும். களி ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால் நல்ல மண். உங்களுடையதில் அதிகமாகத்தான் இருக்கும், மணலோ செம்மண்ணோ கலக்க வேண்டிவரும். ஆனால் எனக்குக் கல்லைவிடக் கடைக்கால் பற்றித்தான் கவலை. மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குகிற மண் அது, மேலே எந்தச் சுவர் நின்றாலும் ஆட்டிப் பார்க்கும். எத்தனை அடி ஆழம் தோண்டுவது என்பதை மண்ணை நேரில் பார்க்கிற பொறியாளரிடம் கேளுங்கள், கடிதத்தில் சொல்கிற விஷயம் இல்லை.

கேள்வி: மண்சுவரில் டிவி மாட்டலாமா?
வாசகர், கோபி

பதில்: வேண்டாமுங்க. ட்ரில் போட்டால் ஆணிக்குப் பதில் ஓட்டைதான் மிஞ்சும். ஒரு மேசை வாங்கி, சுவரை விட்டு அரை அடி தள்ளிப் போடுங்கள். சுவரில் மாட்டியே ஆகவேண்டிய சாமான்களுக்கு அந்தக் காலத்தில் கல் வைக்கும்போதே மரமுளை பதித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அப்பாருவின் குடை இன்றைக்கும் அப்படி ஒரு முளையில்தான் தொங்குகிறது.

கேள்வி: சாணி வழித்த (மெழுகின) தரை நாறாதா?
வாசகி, திருப்பூர்

பதில்: ஈரம் காய்கிறவரை வாடை இருக்கும், அப்புறம் இருக்காது. நீங்கள் கேட்க வேண்டியது, வாரம் ஒருமுறை குனிந்து வழிக்க யார் இருக்கிறார்கள் என்று. ஆள் இல்லையென்றால் பேசாமல் காவித் தரை போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் வழிப்பது நான்தான், வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு. வீட்டுக்காரி திண்ணையில் நின்று, மூலையில் விட்டுப்போன இடத்தைக் காட்டுவாள்.