குளியலறையை இடிக்கும் முன்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மலிவு விலைத் தரை வீடொன்றில் வசிக்கிறோம். பக்கவாதத்தால் இடப்பக்கம் பலவீனமடைந்த எங்கள் அம்மா (வயது 71) அடுத்த வாரம் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறார். ஒருவர் பிடித்துக்கொண்டால் சில அடிகள் நடப்பார். குந்தும் கழிவறையை இடித்துக் கட்ட 14,000 வெள்ளி ஆகும் என்கிறார் குத்தகையாளர். நலத்துறை உதவி பெற்றுத் தருவதாகச் சொல்லும் ஒருவர் முன்பணம் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: இப்போது எதையும் இடிக்க வேண்டாம். பக்கவாதம் கண்டவருக்கு முதல் சில மாதங்களில்தான் உடல்நிலை பெரிதும் மாறும் என்பதால், இன்றைய நிலைக்கென்று கட்டும் குளியலறை நாளை அவருக்குப் பொருந்தாமல் போகலாம். குந்தும் பீங்கானுக்கு மேல் வைக்கும், இருக்கையில் துளையுள்ள கொமோட் நாற்காலியே இப்போதைக்குப் போதும். அது சக்கரம் இல்லாததாகவும், கால்களில் ரப்பர் பிடிப்பு உள்ளதாகவும், அமர்ந்தால் அம்மாவின் பாதம் முழுவதும் தரையில் படியும் உயரத்திலும் இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய வீடுகள் பலவற்றில் பீங்கான் ஒரு படி உயர்ந்த மேடையில் பதிக்கப்பட்டிருக்கும். நாற்காலியின் நான்கு கால்களும் அம்மாவின் இரு பாதங்களும் மேடையிலேயே அடங்குமானால், கைப்பிடியைப் பற்றியபடி, ஏறும்போது வலக்காலையும் இறங்கும்போது இடக்காலையும் முதலில் வைத்து அவர் பழகலாம். அப்போதும் ஒருவர் அவருக்கு இடப்பக்கம் நிற்க வேண்டும். மேடை குறுகலாக இருந்தால், நாற்காலியின் முன்கால்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துச் சமாளிக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். ஈரத்தில் செங்கல் நகர்ந்தால் நாற்காலியோடு அவரும் சாய்வார். அத்தகைய வீட்டில் மட்டும் மேடையை உடைப்பது நியாயம். அதுவரை வாளியுள்ள கொமோட் நாற்காலியை அறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடியில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அம்மாவுக்குப் பலமுள்ளது வலக்கை என்பதால் உள்ளே போகும்போது வலச்சுவரில் பிடி வேண்டும். திரும்பி வரும்போது எதிர்ச்சுவர்தான் அவருக்கு வலப்புறமாகிறது. ஆகவே பிடி இரண்டு பக்கமும் தேவை. ஒன்றை மட்டும் பொருத்திவிட்டு வேலை முடிந்தது என்பவருக்கு முழுப்பணம் கொடுக்காதீர்கள். உறிஞ்சிக் கிண்ணத்தால் சுவர் ஓட்டில் (டைல்) ஒட்டும் கைப்பிடிகளும் துண்டு தொங்கவிடும் கம்பிகளும் ஆளின் பாரத்தைத் தாங்க ஏற்றவையல்ல. திருகாணி சுவர் ஓடு, பூச்சு இரண்டையும் கடந்து செங்கல்லில் இறங்க வேண்டும். பலகைச் சுவரானால் உள்ளே நிற்கும் சட்டத்தில் இறங்க வேண்டும். பொருத்தியபின் வீட்டிலேயே கனமானவர் முழுப் பலத்தோடு இழுத்துப் பார்க்கட்டும். கதவு வெளிப்புறம் திறக்குமாறு மாற்றுவதற்கு அதிகம் செலவாகாது; உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்நோக்கித் திறக்கும் கதவை அவர் உடலே தடுத்துவிடும்.

வாசல் சாய்தளத்தைச் சக்கர நாற்காலி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம். அப்போது 6 அங்குல உயரத்துக்கு 6 அடி நீளம் கேளுங்கள்; குத்தகையாளர் 3 அடியில் முடிக்கப் பார்ப்பார்.

முன்பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சமூக நல இலாகாவின் மாற்றுத்திறனாளி அட்டைக்குக் கட்டணம் இல்லை; மருத்துவர் சான்றளித்த படிவத்துடன் மாவட்ட அலுவலகத்தில் நீங்களே பதியலாம். துணைக்கருவிகளுக்கான உதவியையும் அங்கேயே கேட்கலாம், ஆனால் அதற்கு முதலில் அட்டை வேண்டும். பக்கவாதத்துக்கு மருத்துவர்கள் பொதுவாகச் சில மாதச் சிகிச்சைக்குப் பின்னரே சான்றளிப்பதால், உதவி மிகவும் தேவைப்படும் முதல் வாரங்களில் அது கைக்கு எட்டுவதில்லை. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலோ, மீறுபவருக்குத் தண்டனை விதிக்கும் பிரிவே இல்லை. நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவருடைய கழிவறை எப்படிப்பட்டது என்று கேட்பவரும் அரிது.

ஆகவே மருத்துவமனையினர் கேட்கும்வரை காத்திராமல், வாசல், படி, கழிவறை மூன்றையும் கைப்பேசியில் படமெடுத்து, கதவகலத்தையும் மேடை உயரத்தையும் அளந்து குறித்துக்கொண்டு, அம்மா மருத்துவமனையில் இருக்கும்போதே தொழில்வழிச் சிகிச்சையாளரை (குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பழக்குபவரை) பார்க்க வேண்டுமென்று வார்டில் கேளுங்கள்.