எலுமிச்சை அளவு புளி என்றால் எந்த ஊர் எலுமிச்சை?

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளின் சமையல் பற்றி நிறைய கேள்விகள் சேர்ந்துவிட்டன, பெரும்பாலும் ஜெர்மனியில் இருப்பவர்களைப் பற்றியவை. அதனால் இந்த முறை அவை மட்டும்.

மகன் மியூனிக்கில் முதுகலை படிக்கிறான். சாம்பார் வைக்கப் போனில் சொல்லிக்கொடுத்தேன். துவரம்பருப்பு ஒரு மணி நேரம் கொதித்தும் வேகவில்லையாம். கொடுத்தனுப்பிய குக்கர் அந்த அடுப்பில் சூடே ஆகவில்லை. எலுமிச்சை அளவு புளி போடச் சொன்னால் வாயில் வைக்க முடியாத புளிப்பு என்கிறான். நான் சொல்வது தப்பா, அவன் செய்வது தப்பா?
(ஒரு அம்மா, பாளையங்கோட்டை)

இரண்டுமே இல்லை. நீங்கள் பாளையங்கோட்டை அடுப்புக்குச் சமையல் சொல்கிறீர்கள், அவன் மியூனிக் அடுப்பில் செய்கிறான், அவ்வளவுதான். முதலில் புளியைப் பார்ப்போம். அங்கே கடையில் கிடைக்கிற எலுமிச்சை நம் ஊர் எலுமிச்சையைப் போல இரண்டு மடங்கு, சிலசமயம் அதற்கும் மேல். பையன் கையில் இருந்த பழத்தைப் பார்த்து அந்த அளவுக்குப் புளியை உருட்டியிருப்பான், நீங்கள் சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறான் பாவம். ஒரு நாள் நீங்கள் சாம்பார் வைக்கும்போது புளியை ஊறப்போடும் முன் தராசில் வையுங்கள். அநேகமாக 20, 25 கிராம்தான் இருக்கும், அதுவும் நாலு பேருக்கு. அவன் ஒருவனுக்கு வைக்கிறான் என்றால் அதிலும் கால்வாசி போதும். அப்படியே பருப்பு, மிளகாய்த்தூள், உப்பு எல்லாவற்றையும் ஒரு தடவை அளந்து எழுதி அனுப்பிவிடுங்கள். ‘தேவையான அளவு’ என்பது ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவருக்குத்தான் புரியும்.

அடுத்தது பருப்பு. மியூனிக் தண்ணீர் கடினத் தண்ணீர். தண்ணீர் சுடவைக்கிற கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று கேளுங்கள், ஆமாம் என்பான். அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பை இறுக்கிவிடுகின்றன. பருப்பு பழசாக இருந்தால் இன்னும் மோசம், பருப்பு வேகும் முன்பே புளியை ஊற்றியிருந்தால் கதை முடிந்தது. இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வேகவைக்கும்போது ஆப்பசோடா ஒரு சிட்டிகை (சிட்டிகைதான், அதற்கு மேல் போட்டால் சோப்பு வாசனை வரும்) போட்டு, புளியைக் கடைசியில் சேர்க்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் துவரம்பருப்பை மறந்துவிட்டு மைசூர்ப்பருப்புக்கு மாறச் சொல்வேன். ஜெர்மனியின் சாதாரண சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கிறது, ஆசியக் கடை தேட வேண்டாம், ஊறவைக்கவும் வேண்டாம், குக்கர் இல்லாமலே 15, 20 நிமிடத்தில் குழைந்துவிடும். சாம்பார் ருசி கொஞ்சம் மாறும், மாறட்டும்.

குக்கர் விஷயம்: அது அலுமினியம், அடுப்பு இண்டக்‌ஷனாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அடியில் காந்தம் ஒட்டாத பாத்திரம் எதுவும் அதில் சூடாகாது. ஊரில் வாங்கும் முன்பே ஒரு காந்தத்தை எடுத்துப்போயிருக்கலாம், சரி, போனது போகட்டும். சோற்றுக்கு அவனுக்குக் குக்கரே தேவையில்லை. பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதிக்கவிட்டு, ஊறிய பாஸ்மதியைப் போட்டு, பத்து நிமிடம் கழித்து ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து வடித்துவிட வேண்டியதுதான். உங்கள் அம்மா செய்த அதே வடிசோறு. தண்ணீர் அளவு என்ற தொல்லையே கிடையாது, புதிதாகப் பழகுகிறவனுக்கு இதைவிட வசதியான முறை இல்லை.

பிப்ரவரியில் ஒருவர் ஜெர்மனி போகிறார். மகளுக்கு நெய், ஊறுகாய், பருப்புப்பொடி, கறிவேப்பிலை, நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பலாமா?
(ஒரு அப்பா, தூத்துக்குடி)

நெய் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் பால் பொருட்களும் இறைச்சியும் கொண்டுவரத் தடை இருக்கிறது, பிடித்தால் எடுத்து எறிந்துவிடுவார்கள், அடுத்தவர் பெட்டியில் வைத்து அவருக்குத் தலைவலி கொடுக்காதீர்கள். அங்கே உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் கட்டியாக எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. மகளையே உருக்கச் சொல்லுங்கள், கிட்டத்தட்ட 200 கிராம் நெய் தேறும், அவளுக்கு நெய் காய்ச்சவும் தெரிந்துவிடும். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், யாரும் வாங்கப்போவதில்லை, விட்டுவிடுங்கள். பொடி தாராளமாகப் போகலாம். ஊறுகாயை எண்ணெய் கசியாமல் கட்டி, பெரிய பெட்டியில் வைக்க வேண்டும், கைப்பையில் அல்ல. கருவாட்டுக்கு ஆச்சரியமாகத் தடையில்லை, 20 கிலோ வரை அனுமதி உண்டு. விதி விட்டுவிடும், பொதுச் சமையலறையைப் பகிர்ந்துகொள்கிற பக்கத்து அறைப் பெண் விடுவாளா என்பதை மகளிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

ஒன்று கவனித்தேன், கேள்வியில் மிளகு, சீரகம், மஞ்சள்தூள் எதுவும் இல்லை. பருப்புப்பொடி தீர்ந்ததும் மகள் என்ன செய்வாள்? பொடியில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் மசாலாச் சாமான்களை வையுங்கள்.

நான் சமைத்து முடிக்கும்வரை அம்மா வீடியோ காலிலேயே இருக்கிறார். ‘தீயைக் குறை’, ‘கிண்டு’, ‘அது என்ன கறுப்பா இருக்கு’ என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் எனக்குக் கை ஓடவில்லை. மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?
(ஒரு மாணவி, டிரெஸ்டன்)

சொல்ல ஒரு நல்ல காரணம் தருகிறேன், பொய்யும் இல்லை. போன் ஆப்கள் பின்னணிச் சத்தத்தை வடிகட்டிவிடும். கடுகு வெடிப்பதும் வெங்காயம் சுருங்கும்போது சத்தம் மாறுவதும் அம்மாவுக்குச் சரியாகக் கேட்காது. மஞ்சள் விளக்கில் நிறமும் தப்பாகத் தெரியும், வாசனை சுத்தமாகப் போகாது. அதாவது அம்மா எதை வைத்துப் பக்குவம் பார்ப்பாரோ அதில் எதுவுமே திரையில் இல்லை, அந்தப் பதற்றத்தில்தான் இத்தனை கட்டளை. சமைக்கும் முன் பத்து நிமிடம் பேசுங்கள், என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள், எங்கே தப்பு நடக்கும் என்று கேளுங்கள் (இதில் அம்மாக்களை மிஞ்ச ஆளில்லை). அப்புறம் போனை வைத்துவிட்டுச் சமையுங்கள். முடிந்ததும் போட்டோ அனுப்புங்கள், நன்றாக வராவிட்டாலும் அனுப்புங்கள்.

இன்னொன்று, நீங்கள் இரவு எட்டு மணிக்கு அடுப்பைப் பற்றவைக்கும்போது குளிர்காலத்தில் ஊரில் மணி பன்னிரண்டரை. அம்மா தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார். அதைச் சொன்னாலே போதும்.

அம்மாவின் ‘தீயைக் குறை’ பற்றியும் ஒரு வார்த்தை. மின் தகடு அடுப்பில் திருகைக் குறைத்தாலும் சூடு உடனே குறையாது. தாளிக்கும்போது கடுகு வெடித்ததும் பாத்திரத்தையே தகட்டிலிருந்து நகர்த்திவிட வேண்டும். காற்றாடியைப் போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு எண்ணெயைக் காயவிடுங்கள், இல்லையென்றால் விடுதியின் புகை அலாரம் உங்கள் தாளிப்பை எல்லோருக்கும் அறிவித்துவிடும்.

பேரன் ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையாகச் சோறு வடித்து வாரம் முழுக்கச் சாப்பிடுகிறானாம். நாங்களும் பழையது சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே?
(ஒரு தாத்தா, கும்பகோணம்)

நீங்கள் சாப்பிட்டது தண்ணீர் ஊற்றிப் புளித்த பழையது, அடுத்த நாள் காலையோடு முடிந்துவிடும். வடித்த சோற்றை அப்படியே வெளியில் வைத்தால் வருகிற பாக்டீரியா வேறு, அது விடும் நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. ஆறியதும், அதாவது ஒரு மணி நேரத்துக்குள், சின்னச் சின்ன டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைக்கட்டும், மறுநாளைக்குள் சாப்பிட்டுவிடட்டும். வாரம் முழுக்க வேண்டுமென்றால் உறைபெட்டிக்குள் போகட்டும். குழம்புக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை முறை நல்லதுதான், ஒரே ஒரு சிக்கல், ஜெர்மனியில் ஞாயிறு கடைகள் அடைப்பு. காய்கறியைச் சனிக்கிழமையே வாங்கிவைக்கச் சொல்லுங்கள்.

பையனுக்கு இத்தனை பாடு எதற்கு? ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்தால் சரியாகிவிடாதா?
(வாசகர், சேலம்)

அந்தப் பெண்ணும் டிரெஸ்டனில் படித்துக்கொண்டு, அவள் அம்மாவுடன் வீடியோ காலில் இருந்தால்?