சரக்கு ரயில் தடம் புரள என்னென்ன காரணங்கள் இருக்கலாம்?

வேகன் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: வண்டி கவிழ்ந்து கிடக்கும் இடத்தைவிட, அது வந்த வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2023 பிப்ரவரி 3 அன்று இரவு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற சிற்றூரில் ஒரு சரக்கு ரயிலின் 38 பெட்டிகள் தடம் புரண்டன. அதில் 11 டேங்கர்களில் அபாயகரமான ரசாயனம். பிளாஸ்டிக் குருணை ஏற்றிய ஒரு வேகனின் பேரிங் (சக்கர அச்சைத் தாங்கி அது எளிதாகச் சுழல உதவும் பாகம்) சூடேறிப் பழுதானதுதான் காரணம். பாதையோரத்தில் பேரிங் சூட்டை அளக்கும் கருவிகள் இருந்தன. முதல் கருவியில் சுற்றுப்புறத்தைவிட 38 டிகிரி ஃபாரன்ஹீட் அதிகம், அடுத்ததில் 103. வண்டியை நிறுத்தச் சொல்லும் வரம்பு 170 என்பதால் ஓட்டுநர்களுக்கு எச்சரிக்கை போகவில்லை. அதற்கடுத்த கருவி சுமார் 20 மைல் தள்ளி இருந்தது. அங்கே 253! அலாரம் வந்து வண்டி நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இடையில் இன்னொரு கருவி இருந்திருந்தால் அந்த ஊர் தப்பியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

பேரிங் இப்படிச் சூடேறுவதை நாங்கள் 'ஹாட் ஆக்சில்' என்போம். யார்டுக்குள் (வண்டிகளை நிறுத்திப் பிரித்துச் சேர்க்கும் இடம்) வண்டி மெதுவாக நுழையும்போது பக்கத்தில் நின்று கவனிப்போம். கிரீஸ் கருகும் வாடை, சக்கரம் தட்டும் சத்தம், பேரிங்கை மூடியிருக்கும் ஆக்சில் பாக்ஸில் காட்டும் சூடு, எதையும் விட முடியாது. பேரிங் மூடியே இருப்பதால் உள்ளே தேய்வது கண்ணுக்குத் தெரியாது.

காலி வேகன்களையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சக்கரத்தைக் கீழே அழுத்தும் எடை குறைந்து, பக்கவாட்டுத் தள்ளல் கூடினால் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறிவிடும். ஒரு பக்கமாகச் சரிந்த லோடும், பாதையில் உள்ள முறுக்கமும் (இரு தண்டவாளங்களின் மட்டம் போகப் போக மாறுவது) இதே வேலையைச் செய்யும். கடும் வெயிலில் தண்டவாளம் நெளிவது, குளிரில் சுருங்கி வெல்ட் விடுவது, வண்டியைப் பாதை மாற்றிவிடும் பாயிண்ட் சரியாகப் பொருந்தாதது, நீளமான வண்டியில் பிரேக் போடும்போது பின்னாலிருக்கும் பாரம் முன்னாலிருக்கும் காலி வேகன்களை நெருக்கித் தள்ளுவது எல்லாம் உண்டு.

'தண்டவாளம் உடைந்திருந்தது' என்று செய்தி வந்தவுடன் அதுவே காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வண்டி புரளும்போதும் தண்டவாளம் உடையும். உடைந்த முகத்தில் துரு படிந்திருந்தால் விரிசல் பழையது. முழுக்கப் பளபளவென்றிருந்தால் அப்போது உடைந்தது. சக்கரம் ஏறிய கீறல் தண்டவாளத் தலையில் எங்கே தொடங்குகிறது என்பதையும் ஆய்வுக்குழு தேடும். அந்த இடம் கவிழ்ந்த பெட்டிகளுக்கு வெகுதூரம் பின்னால்கூட இருக்கலாம்.