19 பேர், 7 வாக்கு, 41 பிரிவு: ஒரு திறமூலத் திட்டத்துக்கு எவ்வளவு விதி போதும்?

கேள்வி: எங்கள் திறமூல லைப்ரரியில் (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்த எல்லோருக்கும் திறந்து வைத்த நிரல் கோடுத் தொகுப்பு) கமிட் உரிமை, அதாவது கோடை நேரடியாக மாற்றும் உரிமை, உள்ளவர்கள் 19 பேர். உண்மையில் வேலை செய்பவர்கள் 6 பேர். அந்த ஆறில் நான்கு பேர் ஒரே நிறுவனத்தில் இருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய திட்டத்தின் நிர்வாக விதிகளை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டோம். 41 பிரிவுகள், மூன்று குழுக்கள். இரண்டு குழுக்களுக்கு ஆளே இல்லை. பழைய வெர்ஷனுக்கு ஆதரவை நிறுத்தும் தீர்மானம் ஐந்து மாதமாகத் தொங்குகிறது. 7 பேர் ஆதரித்தார்கள், எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் விதிப்படி மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 13 வாக்கு வேண்டும். விதியை எளிமையாக்கலாம் என்றால் அதற்கும் அதே 13. எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது, வெட்டியதை எப்படி நிறைவேற்றுவது?

பதில்: உங்கள் 41 பிரிவுகளும் தவறாக எழுதப்பட்டவை என்று நான் நினைக்கவில்லை. அவை வேறு யாருக்கோ எழுதப்பட்டவை, அவ்வளவுதான். பெரிய திட்டங்களின் விதிகளைப் புரட்டினால் முக்கால்வாசிப் பிரிவுகளுக்குப் பின்னால் ஒரு பழைய சண்டையோ, ஒரு பழைய பயமோ இருக்கும். பைத்தான் நிரல் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். மொழியில் ஒரு புதிய ஆபரேட்டரை (செயற்குறியை) சேர்ப்பது பற்றிய கடும் வாக்குவாதத்துக்குப் பிறகு, 2018 ஜூலையில் அதை உருவாக்கிய கீடோ வான் ராஸம் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார். வாரிசு யார் என்றும் சொல்லவில்லை. அடுத்து யார் முடிவெடுப்பது என்பதற்கு அவர்களிடம் விதி இல்லை. ஆகவே மையக் குழுவினர் ஏழு முன்மொழிவுகளை எழுதி, அந்த ஆண்டு டிசம்பரில் வாக்கெடுத்து ஒன்றைத் தேர்ந்தார்கள். ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழு, அதில் ஒரே நிறுவனத்தவர் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்பதெல்லாம் அப்படி வந்தது. அந்தப் பிரிவுகளை அப்படியே கொண்டுவந்து ஆறு பேர் கூடும் இடத்தில் வைத்தால், காயம் அவர்களுடையது, கட்டு உங்கள் காலில் என்றாகிவிடும்.

அதனால் வெட்டும் வேலையை விதி ஆவணத்திலிருந்து தொடங்காதீர்கள். கடந்த 12 மாத இஷ்யூக்களையும் (பயனர்கள் எழுப்பிய பிரச்சினைகள்) புல் ரிக்வெஸ்ட்களையும் (சேர்க்கச் சொல்லி வந்த கோடு மாற்றங்கள்) உட்கார்ந்து புரட்டுங்கள். ஒரு மாலை நேரம் போதும். எங்கே கருத்து மோதியது, எங்கே யாரும் பதில் சொல்லாமல் விஷயம் கிடந்தது, எங்கே ஒருவர் கேட்காமல் மெர்ஜ் செய்து (மாற்றத்தைக் கோடில் சேர்த்து) மற்றவர் முகம் சுளித்தார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 41 பிரிவுகளையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது பயன்பட்டது என்று எழுதுங்கள். ஒருமுறைகூடப் பயன்படாதவை எல்லாம் வெட்டத் தகுந்தவை. விதிவிலக்கு மூன்று: ஒருவரின் உரிமையைப் பறிப்பது, பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் ரகசியமாகச் சரிசெய்வது, விதியையே மாற்றுவது. இவை ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் தேவைப்படும். தேவைப்படும் நாளில் உட்கார்ந்து எழுத யாருக்கும் நிதானம் இருக்காது.

இன்னொரு வகையையும் தயங்காமல் வெட்டலாம்: உங்கள் கையில் இல்லாத அதிகாரத்தை உங்களுக்குக் கொடுக்கும் பிரிவுகள். 'நான்கில் மூன்று பங்கு வாக்கில் உரிமத்தை மாற்றலாம்' என்று ஒரு வரி பல திட்டங்களில் பார்த்திருக்கிறேன். பங்களித்தவர்கள் பதிப்புரிமையை எழுதிக் கொடுக்காத வரை அது அவரவரிடமே இருக்கிறது. அவர்கள் ஏற்கெனவே கொடுத்த உரிமம் எதை அனுமதிக்கிறதோ அதைத் தாண்டி உங்கள் வாக்கெடுப்பு போக முடியாது.

எஞ்சும் பிரிவுகளுக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். யார் முடிவு செய்கிறார்கள்? எத்தனை நாளில்? அந்த நாளுக்குள் யாரும் வாயே திறக்காவிட்டால் என்ன? முதல் கேள்விக்கு எல்லா விதிகளிலும் பதில் இருக்கும். இரண்டாவதற்குப் பாதியில் இருக்கும். மூன்றாவதற்கு அநேகமாக இருக்காது. தன்னார்வலர்கள் நடத்தும் திட்டம் சண்டையால் நிற்பதைவிட மௌனத்தால் நிற்பதுதான் அதிகம். உங்கள் தீர்மானமும் அப்படித்தான் நிற்கிறது. எதிர்த்தவர் ஒருவரும் இல்லையே.

நம் ஊர்ப் பேச்சில் இதற்குத் தயாராக ஒரு விதி இருக்கிறது: மௌனம் சம்மதம். அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் திட்டங்களில் இதைத்தான் முறைப்படி வைத்திருக்கிறார்கள். 'இப்படிச் செய்யப்போகிறேன்' என்று அறிவித்து, வழக்கமாகக் குறைந்தது 72 மணி நேரம் காத்திருந்து, யாரும் மறுக்கவில்லை என்றால் செய்துவிடலாம். உலகின் பல நேர மண்டலங்களில் இருப்பவர்களுக்கும் பார்க்க அவகாசம் வேண்டும் என்பதற்காக அந்த மூன்று நாள். சிறிய திட்டத்துக்கு, அதுவும் வார இறுதியில் மட்டும் எட்டிப் பார்ப்பவர்கள் இருந்தால், நான் ஏழு நாள் சொல்வேன். ஆனால் புதியவருக்குக் கமிட் உரிமை கொடுப்பது, ஒருவரை நீக்குவது, விதி மாற்றம் ஆகிய மூன்றிலும் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இவற்றுக்கு வாய்விட்டுச் சொன்ன 'சரி' வேண்டும்.

மறுப்புக்கும் ஒரு வடிவம் வேண்டும். அப்பாச்சியில் கோடு மாற்றத்துக்கு ஒருவர் போடும் -1, அதாவது எதிர்ப்பு வாக்கு, அந்த மாற்றத்தை நிறுத்திவிடும். ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லாத -1 செல்லாது. வெளியீட்டுக்கு (புதிய வெர்ஷனைப் பயனர்களுக்குக் கொடுப்பதற்கு) அந்தத் தடுக்கும் உரிமை கிடையாது. குறைந்தது மூன்று பேர் +1 (ஆதரவு) போட்டு, எதிர்ப்பைவிட ஆதரவு கூடுதலாக இருந்தால் வெளியீடு போகும். தனி ஒருவர் பிடிவாதத்தில் பயனர்களுக்குப் போக வேண்டிய திருத்தம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது இதில் தெரிகிறது. இணையத் தரங்களை எழுதும் ஐஇடிஎஃப் அமைப்பு 2014இல் ஆர்எஃப்சி 7282 என்ற ஆவணத்தில் சொன்ன ஒரு வேறுபாடும் உங்களுக்கு உதவும்: எழுந்த எதிர்ப்புகள் எல்லாவற்றையும் எடுத்துப் பேசித் தீர வேண்டும், எல்லாவற்றுக்கும் இணங்கிப்போக வேண்டியதில்லை. 'ஒருமித்த கருத்து' என்று வெறுமனே எழுதிவைக்கும் விதிகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. படிப்பவர் அதை 'ஒருவர்கூட மறுக்கக் கூடாது' என்று எடுத்துக்கொள்கிறார்.

உங்கள் ஆவணத்தில் இப்படி ஒரு வரி இருக்கும் என்று ஊகிக்கிறேன்: 'முக்கிய மாற்றங்கள் உரிய குழுவின் பரிசீலனைக்கு உட்படுத்தப்பட்டு, பரந்த ஒருமித்த கருத்து எட்டப்பட்ட பின் ஏற்கப்படும்.' முக்கியம் எது, உரிய குழு எது, பரந்தது எவ்வளவு? மூன்று சொல்லும் மூன்று தகராறு. நான் எழுதினால் இப்படி எழுதுவேன் (பராமரிப்பாளர் என்றால் கமிட் உரிமை உள்ளவர்; கோடு உடைவது என்றால் அது வேலை செய்யாமல் போவது):

'பயனரின் கோடு உடையக்கூடிய மாற்றத்தை யாரும் முன்மொழியலாம். முன்மொழிவு 7 நாள் திறந்திருக்கும். பராமரிப்பாளர் இருவர் ஆதரித்து, காரணத்தோடு கூடிய எதிர்ப்பு இல்லாவிட்டால் அது ஏற்கப்பட்டது. எதிர்ப்பு வந்தால் மேலும் 7 நாள் பேசலாம். அதற்கும் தீராவிட்டால் 7 நாள் வாக்கெடுப்பு. வாக்களித்தவர்களில் பெரும்பான்மை முடிவு.'

பழைய வரியைவிட இது ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம் என்பதைக் கவனியுங்கள். விதியை எளிமையாக்குவது என்றதும் எல்லோரும் வரிகளைக் குறைக்கப் பார்க்கிறார்கள். புல் ரிக்வெஸ்ட் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் புதியவர் ஒருவர், யாரையும் கேட்காமல், அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள முடிந்தால் அது எளிய விதி. அதற்காக நாலு வரி கூடினால் கூடட்டும்.

'வாக்களித்தவர்களில்' என்ற சொல்லுக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் முடிச்சு அதில்தான் விழுந்திருக்கிறது. மொத்த உறுப்பினரை வைத்துப் பங்கு கணக்கிடும் விதி, உறங்குபவர்களுக்கும் வாக்கு கொடுக்கிறது. அவர்களின் வாக்கு எப்போதும் 'வேண்டாம்' என்றே விழுகிறது. டெபியன் என்ற இயங்குதளத் திட்டத்தில் வேறு கணக்கு. 1998இல் ஏற்கப்பட்ட அரசியல் சட்டம் என்றே ஒன்று அவர்களுக்கு உண்டு. உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடுத்து, அதில் பாதியை மூன்றால் பெருக்க வேண்டும். அவ்வளவு ஆதரவாவது இல்லாத தீர்மானம் செல்லாது. ஆயிரம் உறுப்பினர் என்றால் 48 பேர் போதும். திட்டம் பெரிதாகப் பெரிதாக வந்து வாக்களிப்பவரின் விகிதம் குறையும் என்பது முன்பே தெரிந்து போட்ட கணக்கு. அதே சூத்திரத்தில் உங்கள் 19 பேரைப் போட்டுப் பாருங்கள்: 6.54 வரும். உங்களுக்குக் கிடைத்தது 7.

வர்க்கமூலத்தை நீங்களும் எழுதிவைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 'குறைந்தது நான்கு பேர் வாக்களித்திருக்க வேண்டும்' என்ற நேரான எண்ணே உங்கள் அளவுக்குப் போதும்.

கூடவே உறங்குபவர்களைப் பட்டியலிலிருந்து மரியாதையாக இறக்கிவிடவும் ஒரு வரி வேண்டும்: 12 மாதம் எந்தச் செயல்பாடும் இல்லை என்றால் கமிட் உரிமையும் வாக்கும் நிறுத்திவைக்கப்படும், பெயர் முன்னாள் பராமரிப்பாளர் பட்டியலில் இருக்கும், திரும்பி வந்து கேட்டால் பராமரிப்பாளர் இருவர் சம்மதத்தில் மீண்டும் கிடைக்கும். இது வாக்குக் கணக்குக்காக மட்டுமல்ல. யாரும் பார்க்காத கணக்கு ஒன்றின் கடவுச்சொல் களவுபோனால் உங்களுக்கு எப்படித் தெரியும்? அதேபோல், எளிமை என்ற பெயரில் புதியவரிடம் அவசரப்பட்டுச் சாவியைக் கொடுத்துவிடவும் கூடாது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியில் பின்வாசல் (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைக்கப்பட்டது வெளிவந்ததே, அதை வைத்தவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உதவி செய்து, களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று இணைப் பராமரிப்பாளர் ஆனவர். மெர்ஜ் செய்யும் உரிமை வேறு, வெளியீடு செய்யும் உரிமை வேறு என்று பிரித்து வையுங்கள்.

சாவி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நான் இருந்த ஒரு திட்டத்தில் இரண்டு மாதம் செலவழித்து அழகான தேர்தல் விதி எழுதினோம். டொமைனைப் புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தபோது, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. விதியில் என்ன எழுதியிருந்தாலும், டொமைன், பேக்கேஜ் பதிவுக் கணக்கு, ரெப்போவின் (கோடு இருக்கும் களஞ்சியத்தின்) உரிமையாளர் கணக்கு, வெளியீட்டுக்குக் கையொப்பமிடும் சாவி இவை யாரிடம் இருக்கின்றனவோ அவர்தான் கடைசியில் முடிவு செய்கிறார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் பெயரோடு ஒரு பட்டியல் போடுங்கள். 41 பிரிவுகளில் இது இல்லை என்று பந்தயம் கட்டுவேன்.

நடத்தைப் புகாருக்குப் பெரிய நடைமுறை வேண்டாம். புகாரை யாரிடம் சொல்வது என்று இரண்டு பெயர் வேண்டும். அதில் ஒருவராவது உங்கள் ஆறு பேருக்கு வெளியே இருக்கட்டும். புகார் மேலிடத்தில் இருப்பவரைப் பற்றியது என்றால் யார் கேட்பது என்ற இடத்தைக் காலியாக விடாதீர்கள். ரஸ்ட் நிரல் மொழித் திட்டத்தில் நடத்தைப் புகார்களைக் கவனிக்கும் மட்டுறுத்தல் குழு 2021 நவம்பரில் மொத்தமாக விலகியது இந்த ஓட்டையால்தான்: மையக் குழு தன்னைத் தவிர வேறு யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படவில்லை என்பது அவர்கள் குற்றச்சாட்டு. 2023இல் அங்கே நிர்வாக அமைப்பே மாறியது.

ஒரே நிறுவனத்தவர் நால்வர் என்ற விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து உண்டு. பைத்தானைப் போல உச்சவரம்பு வைக்கத் தோன்றும். மூவர் குழுவில் அந்த நிறுவனத்தவர் ஒருவர்தான் என்று வைத்தீர்களானால், வெளியே இருக்கும் இருவரும் ஆயுளுக்கும் குழுவில் உட்கார வேண்டியதுதான். ஆறு பேருக்குக் குழுவே வேண்டாம். அதற்குப் பதிலாக, பயனரின் கோடு உடையக்கூடிய மாற்றத்தை ஆதரித்தவர்கள் அனைவரும் ஒரே நிறுவனத்தவர் என்றால் காத்திருப்பு 7 நாளுக்குப் பதில் 14 நாள் என்று வையுங்கள். வெளியாள் பார்க்க அவகாசம் கிடைக்கும். அவர் விடுமுறையில் இருந்தால் வேலையும் நிற்காது.

இனி, 13 வாக்கு இல்லாமல் இதை எப்படி நிறைவேற்றுவது? குறுக்கு வழி தேடாதீர்கள். பழைய விதியை மீறிப் பிறந்த புதிய விதியை, முதல் தகராறிலேயே யாராவது எடுத்துக் காட்டுவார்கள். உறங்கும் 13 பேருக்கும் தனித்தனியாக எழுதுங்கள், மொத்தமாக ஒரு மடல் வேண்டாம். புதிய வரைவை இணைத்து இரண்டே வாய்ப்பு கொடுங்கள்: வாக்களியுங்கள், அல்லது முன்னாள் பராமரிப்பாளராக நீங்களே விலகிக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் குற்ற உணர்ச்சியோடு மன்னிப்புக் கேட்டு விலகிக்கொள்வார்கள். பலருக்கு அது நிம்மதிகூட. ஒன்பது பேர் விலகினால் மொத்தம் 10 ஆகும், மூன்றில் இரண்டு பங்குக்கு 7 வாக்கு போதும். நீங்கள் ஆறு பேர், இன்னும் ஒருவர் வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை ஏழாவது வாக்கு வந்திருக்கிறது. அவரிடம் முதலில் பேசுங்கள்.

பதிலே வராதவர்கள் அதிகமாக இருந்தால், இன்னொரு முறை எழுதி, 30 நாள் பொது அறிவிப்பு வைத்து, ஆட்சேபம் எதுவும் வராத பட்சத்தில் வேலை செய்பவர்கள் கூடிப் புதிய விதியை ஏற்பதைத் தவிர வழியில்லை. பழைய விதியின் எழுத்துப்படி அது செல்லாது. அதை மறைக்காமல் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.

புதிய விதி வந்த அன்றே பழைய வெர்ஷன் விவகாரம் முடிந்துவிட்டதாக அறிவித்துவிடாதீர்கள். அந்த 7 வாக்கு பழைய விதியின் கீழ் போடப்பட்டது. புதிதாக ஒரு முன்மொழிவாக எழுதி ஏழு நாள் திறந்து வையுங்கள். ஆதரித்தவர்கள் எல்லோரும் அந்த நிறுவனத்தவர் என்றால் பதினான்கு நாள்.