கூடங்குளத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்டவை: அணு மின்சாரம், கேள்வி பதில்

போன மாதம் காற்றாலை பற்றிப் பதில் எழுதியபோதே பாதிப் பேர் அணு உலையைத்தான் கேட்டீர்கள். எல்லாவற்றையும் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

ராதாபுரத்திலிருந்து: அண்ணாச்சி, உலையில் ஏதாவது கோளாறு வந்தால் ஹிரோஷிமா மாதிரி வெடித்துவிடுமா?

வெடிக்காது தம்பி. குண்டுக்கு யுரேனியம்-235 கிட்டத்தட்ட 90 சதவீதம் செறிந்திருக்க வேண்டும். கூடங்குளத்துக்கு ரஷ்யாவிலிருந்து வரும் எரிபொருளில் அது 5 சதவீதத்தைத் தாண்டாது. நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்த ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை வெடிப்பு ஹைட்ரஜன் வாயுவால் வந்தது. செர்னோபிலில் முதலில் வெடித்தது நீராவி. இரண்டுமே அணுகுண்டு வெடிப்பு அல்ல. ஆனால் உள்ளே இருந்த கதிரியக்கப் பொருளை வெளியே கொட்டுவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: அப்படியானால் எதற்குத்தான் பயப்பட வேண்டும்? ஆபத்து என்றால் சுவிட்சை அணைத்துவிட வேண்டியதுதானே?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. அனல் மின் நிலையத்தில் நிலக்கரி போடுவதை நிறுத்தினால் நெருப்பு அடங்கிவிடும். அணு உலையில் அணுப்பிளவைத் தடுக்கும் கட்டுப்பாட்டுக் கோல்கள் இறங்கிச் சில விநாடிகளில் அணுப்பிளவு நின்றுவிடும், ஆனால் வெப்பம் நிற்காது. பிளந்துபோன அணுக்களின் துண்டுகள் தொடர்ந்து சிதைந்துகொண்டே இருக்கும். 1000 மெகாவாட் மின்சாரம் தரும் உலைக்குள் சுமார் 3000 மெகாவாட் வெப்பம் உண்டாகிறது. உலையை நிறுத்திய மறுகணம் அதில் 6, 7 சதவீதம் மிச்சம் இருக்கும், அதாவது ஏறக்குறைய 200 மெகாவாட். ஒரு நாள் கழிந்த பிறகும் பத்து மெகாவாட்டுக்கு மேல் வெப்பம் வந்துகொண்டிருக்கும். இதை வெளியேற்றத் தண்ணீர் ஓட வேண்டும், தண்ணீர் ஓடப் பம்பு ஓட வேண்டும், பம்புக்குக் கரண்ட் வேண்டும்.

2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததுமே உலைகள் சரியாக நின்றுவிட்டன. வெளியிலிருந்து வரும் மின்சாரம் போனதும் டீசல் ஜெனரேட்டர்களும் ஓடத் தொடங்கின. முக்கால் மணி நேரத்துக்கு மேல் கழித்து வந்த சுனாமி அவற்றை மூழ்கடித்தது. அதற்குப் பிறகு மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. அதனால் யாராவது உலை பாதுகாப்பானது என்று சொன்னால், "கரண்ட் முழுக்கப் போனால் எத்தனை நாள் தாங்கும்?" என்று கேளுங்கள். மற்றக் கேள்விகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கூடங்குளத்தின் ரஷ்ய உலைகளில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. பம்பும் மின்சாரமும் இல்லாமலே, சூடான நீராவி மேலே போய் வெளிக்காற்றில் குளிர்ந்து தண்ணீராகித் திரும்ப இறங்கும் அமைப்பு அது. அதையும் மீறி எரிபொருள் உருகினால் ஏந்திப் பிடிக்க உலைக்கு அடியில் ஒரு பெரிய தொட்டி. ஃபுகுஷிமாவில் இருந்த பழைய உலைகளில் இந்தத் தொட்டி கிடையாது.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து: 2004 சுனாமியில் கல்பாக்கத்தில் என்ன நடந்தது சார்? எதையோ மறைத்தார்கள் என்கிறார்களே?

அன்று இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் பம்பு இருந்த இடத்துக்குள் தண்ணீர் புகுந்தது. உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். டீசல் ஜெனரேட்டர்கள் நனையவில்லை, கதிர்வீச்சு வெளியேறவில்லை, சில நாள்களில் உலை மறுபடி ஓடியது. ஊழியர் குடியிருப்பில்தான் உயிர்கள் போயின, அங்கே அலை நேரே வீடுகளுக்குள் வந்தது. ஃபுகுஷிமாவுக்கு ஆறு ஆண்டுகள் முன்பே, உலகம் முழுக்க உள்ள கடலோர உலைகளுக்குக் கல்பாக்கம் ஓர் எச்சரிக்கை. ஜப்பானில் அதைப் போதுமான அளவு யாரும் காதில் வாங்கவில்லை என்பது என் எண்ணம்.

கோவில்பட்டியிலிருந்து ஒரு மாணவி: செர்னோபிலில் லட்சக்கணக்கில் இறந்தார்கள் என்று ஒரு காணொளி, ஐம்பது பேர்கூட இல்லை என்று இன்னொன்று. எது உண்மை?

இரண்டுமே ஆளை ஏமாற்றும் கணக்கு அம்மா. 1986 ஏப்ரல் 26 விபத்திலும், அடுத்த சில மாதங்களில் கடும் கதிர்வீச்சு நோயிலும் இறந்தவர்கள் முப்பது பேர் அளவில். அதற்குப் பிறகு வந்தது தைராய்டு புற்றுநோய். கதிரியக்க அயோடின் விழுந்த புல்லை மாடு தின்றது, அந்தப் பாலைக் குழந்தைகள் குடித்தார்கள். 2005 வரை 6,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் வந்தது. பெரும்பாலோர் சிகிச்சையில் பிழைத்தார்கள், பதினைந்து பேர் இறந்தார்கள். அதிகக் கதிர்வீச்சு பட்டவர்களிடையே காலப்போக்கில் 4,000 வரை உயிரிழப்பு இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பாலை உடனே நிறுத்தியிருந்தால் அந்தக் குழந்தைகளில் பலருக்கு நோயே வந்திருக்காது. விபத்தை மறைத்த நாள்கள்தான் அங்கே பெரிய குற்றம்.

ஃபுகுஷிமாவில் கதை வேறு. கதிர்வீச்சால் ஏற்பட்டது என்று ஜப்பான் அரசு ஏற்றுக்கொண்ட மரணம் ஒன்று, ஒரு தொழிலாளிக்கு வந்த நுரையீரல் புற்றுநோய். ஆனால் அந்த மாவட்டத்தில் இடம்பெயர்வின் அலைச்சலாலும் அதன் பின்விளைவுகளாலும் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். அணு விபத்தில் ஊரைக் காலி செய்வதும் ஆளைக் கொல்லும்.

இதே நியாயத்தில் நிலக்கரியையும் பார்க்க வேண்டும். அதன் புகையால் உலகத்தில் வருடந்தோறும் லட்சக்கணக்கானவர்கள் இறக்கிறார்கள். யூனிட்டுக்கு யூனிட் ஒப்பிட்டால் அணு மின்சாரம் பல நூறு மடங்கு குறைவாகவே உயிர் வாங்குகிறது. எண்ணூரில் குடியிருப்பவரிடம் சாம்பலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

மணவாளக்குறிச்சியிலிருந்து: உலை ஒழுங்காக ஓடும்போதே கதிர்வீச்சு வருமாமே?

வரும், மிகச் சிறிய அளவில். உலையால் பொதுமக்களுக்குப் படலாம் என்ற வரம்பு வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட் (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்தே உலக சராசரி 2.4 வருகிறது. உங்கள் ஊர்க் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கதிரியக்கத் தாது இருப்பதால் அதைவிடவும் கூடுதல். அதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் பல்லாண்டுகள் ஆராய்ந்து 2009-இல் வந்த முடிவில், இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

கூத்தங்குழியிலிருந்து ஒரு மீனவர்: வெந்நீரைக் கடலில் விடுகிறார்கள். மீன் போகாதா அண்ணாச்சி?

உங்கள் கேள்வியை நிறையப் பேர் சிரித்துத் தள்ளுகிறார்கள், அது தப்பு. வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது, மிச்சம் கடலுக்குத்தான் போகிறது. வெளியேறும் நீர் கடல்நீரைவிட 7 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்பது விதி. குழாய் வாயிலுக்கு அருகில் மீன் இடம் மாறும், தள்ளிப் போகப் போகச் சூடு கரைந்துவிடும். ஆனால் இன்று ஓடுவது இரண்டு உலை. இன்னும் நான்கு கட்டப்படுகின்றன. ஆறும் ஓடும்போது என்ன ஆகும் என்பதை உங்கள் ஆட்களையும் வைத்துக்கொண்டு அளக்க வேண்டும், அளந்ததை ஊரில் ஒட்ட வேண்டும்.

மதுரையிலிருந்து: கழிவை என்ன செய்கிறார்கள்?

1988 ஒப்பந்தத்தின்படி கூடங்குளத்தில் எரிந்த எரிபொருள் சோவியத்துக்கே திரும்பிப் போக வேண்டும். பிறகு அது மாறியது, இப்போது இங்கேயே இருக்கிறது. அளவு குறைவு, ஓர் உலைக்கு ஆண்டுக்கு இருபது முப்பது டன். அதே மின்சாரத்துக்கு நிலக்கரி என்றால் முப்பது லட்சம் டன்னுக்கும் மேல் எரிக்க வேண்டும். ஆனால் அந்தச் சில டன்னில் உள்ள புளூட்டோனியம்-239 பாதியாகவே 24,000 ஆண்டு பிடிக்கும். பின்லாந்தில் ஓங்கலோ என்ற இடத்தில் 400 மீட்டருக்கும் கீழே பாறையில் குடைந்து நிரந்தரக் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். நம்மிடம் அப்படி ஒன்று கிடையாது. 2018-இல் உச்ச நீதிமன்றம் வைத்த கெடு கடந்த பிறகும், உலைக்கு வெளியே வைக்கும் தற்காலிகக் கிடங்கே இழுத்துக்கொண்டு போனது. இதில் அரசை நான் ஆதரிக்க வழியே இல்லை.

ஆரல்வாய்மொழியிலிருந்து: எங்கள் ஊரில் காற்றாலை சுற்றுகிறது, வெயிலும் இருக்கிறது. உலை எதற்கு?

காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் வஞ்சனையில்லாமல் அடிக்கும். வெயில் ஆறு மணிக்குப் போய்விடும். நவம்பர் இரவு எட்டு மணிக்கு இன்று நம்மைத் தாங்குவது நிலக்கரியும் அணுவும் நீர்மின்சாரமும். மின்கலச் சேமிப்பு விலை இறங்கிக்கொண்டே வருவதால், புதிய உலை கட்டும் வாதம் பத்து ஆண்டுக்கு முன் இருந்த அளவு பலமாக இல்லை. ஓடுகிற உலையை மூடுவது வேறு கதை. ஜெர்மனி 2023 ஏப்ரலில் கடைசி மூன்றையும் மூடியது, நிலக்கரி இன்னும் எரிகிறது. அந்த வரிசை எனக்குப் புரியவே இல்லை.

செலவையும் சேர்த்துப் பாருங்கள். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகள் 13,171 கோடி என்று தொடங்கி 17,000 கோடியைத் தாண்டின. 2002-இல் கட்டத் தொடங்கி முதல் உலை 2013-இல்தான் உயிர் பெற்றது.

இடிந்தகரையிலிருந்து: இவ்வளவும் சொல்கிறீர்கள். அவர்கள் சொல்வதை நாங்கள் எப்படி நம்புவது?

நம்பிக்கை கேட்டு வாங்குகிற பொருள் இல்லை. 2011, 2012-இல் போராடிய உங்கள் ஊர்க்காரர்கள் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டுவிட்டு, அதே வாயால் நம்புங்கள் என்றால் யார் நம்புவார்கள்? உலையைக் கண்காணிக்கும் வாரியம், உலையை நடத்தும் துறையின் தலைமைக்கே கட்டுப்பட்டு இருந்ததை 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே குறை சொன்னார். 2019-இல் கூடங்குளத்தின் அலுவலகக் கணினியில் தீநிரல் புகுந்தபோது, முதல் நாள் வாய்ப்பே இல்லை என்றார்கள், மறுநாள் ஆமாம் என்றார்கள். உலையின் கட்டுப்பாட்டுக் கணினிகள் தனி, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு நாள் மறுப்பு பொறியியலில் சம்பாதித்ததைக் கரைத்துவிட்டது. பாதுகாப்பில் என் கவலை இரும்பையும் சிமெண்டையும்விட இதில்தான் அதிகம்.

வள்ளியூரிலிருந்து ஓர் இல்லத்தரசி: அயோடின் மாத்திரை வாங்கி வைக்கலாமா?

நீங்களாகச் சாப்பிட வேண்டாம் அம்மா. அது தைராய்டை மட்டும், அதுவும் கதிரியக்க அயோடினிலிருந்து மட்டும் காக்கும். சரியான நேரத்தில், அதிகாரிகள் சொன்ன பிறகு, வயதுக்கேற்ற அளவில் எடுக்க வேண்டியது. தைராய்டு கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்று அறிவித்தால் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருங்கள், திறந்து கிடந்த தண்ணீர், கீரை, புதிதாகக் கறந்த பால் வேண்டாம். அவசரகாலத் திட்டம் 16 கிலோமீட்டர் வரை உள்ள ஊர்களுக்குப் போடப்படுகிறது. உங்கள் தெருவுக்கு எந்த வண்டி வரும், எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க வைப்பார்கள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.