அப்ருட்ஸோ: ஆட்டு மந்தை நடந்த மலைநாடு

ரோமிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் அப்ருட்ஸோ மலைகள் வந்துவிடும். அங்கே போகப்போகும் வாசகர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கடையில் ‘மோன்தெபுல்ச்சானோ’ என்று இரண்டு சிவப்பு ஒயின் பார்த்தேன். ஒன்றின் விலை மற்றதைப்போல இரண்டு மடங்கு. ஏன்?

பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒயின் வேறு வேறு. ‘வினோ நோபிலே தி மோன்தெபுல்ச்சானோ’ என்று இருந்தால், அது டஸ்கனியில் அந்தப் பெயருள்ள ஊரின் ஒயின், சாஞ்ஜோவேஸே திராட்சையில் செய்வது. ‘மோன்தெபுல்ச்சானோ தப்ருட்ஸோ’ என்றால், அது திராட்சையின் பெயர். விளைவது அப்ருட்ஸோவில். விலை குறைவு என்று ஒதுக்கிவிடாதீர்கள். தெராமோ பக்கத்துக் குன்றுகளில் விளையும் ஒயினுக்கு 2003-இல் இத்தாலியின் உச்சத் தரச்சான்று கிடைத்தது; லேபிளில் ‘கொல்லீனே தெராமானே’ என்று இருக்கும். அதே திராட்சைச் சாற்றைத் தோலோடு கொஞ்ச நேரம் மட்டும் ஊறவிட்டுப் பிரித்தால், செர்ரிப்பழ நிறத்தில் ‘செராசுவோலோ’ கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். லேசாகக் குளிரவைத்துக் குடியுங்கள்.

அர்ரோஸ்திச்சீனி அவ்வளவு விசேஷமா? ஆட்டுக்கறி எங்கேயும் கிடைக்கிறதே?

விசேஷம்தான். செம்மறிக் கறியை விரல்நுனி அளவுக்கு நறுக்கி, நடுநடுவே கொழுப்புத் துண்டு வைத்து, மெல்லிய குச்சியில் கோக்கிறார்கள். அடுப்பு கூரைத் தகரத் தண்ணீர்க்கால் மாதிரி ஒடுக்கமாக, நீளமாக இருக்கும். கறி மட்டும் கனலுக்கு மேலே இருக்கும், குச்சியின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உப்பைத் தவிர மசாலா எதுவும் கிடையாது. கொழுப்பு உருகிக் கனலில் சொட்டும்போது எழும் புகைதான் மசாலா. ஒரு ஆள் பத்துப் பதினைந்து குச்சி சாதாரணமாகச் சாப்பிடுவார். முள்கரண்டியைத் தேடாமல் குச்சியைப் பல்லால் இழுத்துச் சாப்பிடுங்கள்.

இது இடையர்களின் சாப்பாடு. குளிர்காலம் வந்தால் மலையில் மேய்ச்சல் இல்லை. இலையுதிர் காலத்திலேயே மந்தைகளை ஓட்டிக்கொண்டு தெற்கே புலியா சமவெளிக்கு இறங்கிவிடுவார்கள். அப்ருட்ஸோவின் தலைநகர் லாக்விலாவிலிருந்து புலியாவின் ஃபோஜ்ஜா நகர் வரை போன ஆட்டுப்பாதை சுமார் 244 கிலோமீட்டர் நீளம், நூறு மீட்டருக்கு மேல் அகலம். புல் முளைத்த அந்தப் பாதையின் துண்டுகளில் இன்றும் நடக்கலாம். இப்படிப் பருவத்துக்குப் பருவம் மந்தை ஓட்டும் வழக்கத்தை யுனெஸ்கோ 2019-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சீஸ், கம்பளி, ஏன், ‘பெகொரினோ’ என்ற வெள்ளைத் திராட்சையின் பெயர்கூட அந்த ஆட்டிலிருந்து வந்ததுதான். ‘பெகொரா’ என்றால் செம்மறி.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டி வருமா?

வராது. ஆனால் சீஸ் விஷயத்தில் கவனம் வேண்டும். பெகொரினோ சீஸுக்குப் பாலைத் திரிக்கப் பெரும்பாலும் ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையைப் போடுகிறார்கள். ஃபாரிந்தோலா ஊரில் பன்றியின் இரைப்பை உறை. கம்பி கட்டிய மரச்சட்டத்தில் மாவை அழுத்தி வெட்டும் ‘கித்தார்ரா’ பாஸ்தாவில் முட்டை உண்டு. நீங்கள் நம்பிச் சாப்பிட, சாந்தோ ஸ்தேஃபனோ தி செஸ்ஸானியோ கிராமத்துப் பருப்பு இருக்கிறது. மிளகைவிடச் சின்னது, கரும்பழுப்பு, ஊறவைக்காமலே வெந்துவிடும். பூண்டும் பிரிஞ்சி இலையும் போட்டு வேகவைத்து, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றிச் சுட்ட ரொட்டியோடு தருவார்கள். ‘சென்ஸா ப்ரோதோ தி கார்னே’, அதாவது கறிச்சாறு இல்லாமல் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மே மாதம் காம்போ இம்பெராத்தோரே போகலாமா?

ஜூன் பாதிக்கு மேல் போங்கள். சுமார் 1,800 மீட்டர் உயரத்து மேட்டுநிலம் அது; மேயில்கூடப் பனி கிடக்கும், சாலை மூடியிருக்கலாம். ஜூனில் பூ, செப்டம்பரில் பொன்னிறப் புல், அதற்கு மேலே 2,912 மீட்டர் கோர்னோ கிராந்தே சிகரம். பஸ்ஸை நம்ப வேண்டாம், கார் எடுங்கள். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும்.

நிலநடுக்கம் வந்த லாக்விலாவில் பார்க்க ஏதாவது மிச்சமிருக்கிறதா?

இருக்கிறது. 2009 ஏப்ரல் 6 விடியலுக்கு முன் வந்த அந்த நடுக்கத்தில் 309 பேர் இறந்தார்கள். கொல்லெமாஜ்ஜோ பெருங்கோயிலைச் செப்பனிட்டு 2017-இல் திறந்தார்கள். 99 குழாய்களிலிருந்து தண்ணீர் கொட்டும் பழைய நீரூற்றையும் விட்டுவிடாதீர்கள். தயவுசெய்து அங்கே ஒரு இரவாவது தங்குங்கள். ஊர் மறுபடி எழுந்து நிற்க அது உதவும்.

அப்ருட்ஸோவின் நவெல்லி ஊர்க் குங்குமப்பூ ஏன் இத்தனை விலை? வாங்கலாமா?

வாங்குங்கள், ஆனால் தூளாக வேண்டாம், இழையாக வாங்குங்கள். அக்டோபர் கடைசியில், பூ வெயிலில் விரிவதற்கு முன், விடியற்காலையில் குனிந்து ஒவ்வொன்றாகப் பறிக்கிறார்கள். வீட்டு மேசையில் கொட்டி, ஊதாப் பூவைப் பிரித்து மூன்று சிவப்பு இழையை மட்டும் கிள்ளி எடுப்பார்கள். ஒரு கிலோவுக்கு ஒன்றரை லட்சம் பூவுக்கு மேல் வேண்டும். அன்றைக்கே அந்த இழைகளைச் சல்லடையில் பரப்பி விறகுக் கனலுக்கு மேலே பிடித்து உலர்த்துவார்கள். டப்பாவைத் திறந்ததும் பூ வாசனைக்கு அடியில் மெலிதாக வருகிற புகை வாசம் அந்தக் கனலுடையது.