மிஷன் இம்பாசிபிள்: பழைய தொடரின் வேலைப்பாடு

அன்புள்ள ஐயா,

டாம் க்ரூஸின் மிஷன் இம்பாசிபிள் படங்களை விரும்பிப் பார்ப்பவன் நான். அவற்றுக்கு மூலமான பழைய தொலைக்காட்சித் தொடரை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். சண்டை குறைவு. யாருக்கும் குடும்பம், சொந்தக் கதை எதுவும் கிடையாது. பாதி நேரம் யாராவது ஒருவர் பேசாமல் ஸ்க்ரூ திருகிக்கொண்டிருக்கிறார். இருந்தும் பாதியில் நிறுத்த முடியவில்லை. என்ன காரணம்? வரிசையாகத்தான் பார்க்க வேண்டுமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

நீங்கள் குறையாகச் சொல்லும் மூன்றும்தான் அந்தத் தொடரைத் தாங்கி நிற்கின்றன. ரகசிய உளவுக் குழு ஒன்றின் கதை அது. 1966 செப்டம்பரில் சிபிஎஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி 1973 மார்ச்சில் முடிந்தது. 7 சீசன்கள், 171 எபிசோடுகள். உருவாக்கிய புரூஸ் கெல்லருக்கு மனிதர்களின் அந்தரங்கத்தைவிட அவர்கள் செய்யும் வேலையே முக்கியமாக இருந்தது.

ஓர் எபிசோடு எப்படி நகர்கிறது என்று கவனியுங்கள். குழுத் தலைவருக்கு வரும் டேப் இலக்கைச் சொல்லிவிட்டுப் புகைந்து அழியும். யாரை, எந்த நாட்டில், எதற்காக என்பது அதிலேயே தெளிவாகிவிடும். அடுத்து தலைவரின் வீட்டில் குழு கூடும். கருவி ஒன்றை இயக்கிப் பார்ப்பார்கள், வேஷம் ஒன்றைச் சரிபார்ப்பார்கள், "எனக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்?" என்பதுபோல ஒரு கேள்வி வரும். முழுத் திட்டத்தை மட்டும் நம் காதில் போடமாட்டார்கள். பாகங்கள் நமக்குத் தெரியும், அவை எங்கே பொருந்தும் என்பது தெரியாது. அதனால் நடுவில் காவலன் கதவைத் திறந்தால், அது அவர்கள் கணக்குப்போட்டதா, காரியம் கெட்டுவிட்டதா என்று நமக்கே குழப்பம். விளம்பர இடைவேளை சரியாக அங்கே விழும். இலக்கைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லாவிட்டால் இந்த வித்தை பலிக்காது. வெறும் புதிராகிவிடும்.

இதற்குச் செலவு அதிகம். வசனத்தில் ஒரு வரியில் முடிகிற விஷயத்தைக் காட்டுவதென்றால் திருகும் விரலுக்கு ஒரு குளோசப், கடிகார முள்ளுக்கு ஒன்று, காவலனின் பூட்ஸுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனியாக விளக்கு வைக்க வேண்டும். நகைச்சுவை நடிகை லூசில் பாலின் டெசிலு ஸ்டுடியோவில் பிறந்த தொடர் இது. 1967இல் பாரமவுண்டின் உரிமையாளரான கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் நிறுவனம் டெசிலுவை வாங்கியது, தொடர் பாரமவுண்டின் கைக்குப் போனது. செலவுக்கான இழுபறி வலுத்தது. மூன்றாம் சீசனோடு முக்கிய நடிகர்களான மார்ட்டின் லாண்டாவும் பார்பரா பெய்னும் சம்பளத் தகராறில் விலகினார்கள். பெய்ன் தொடர்ந்து 3 ஆண்டுகள் எம்மி என்ற தொலைக்காட்சி விருதை வாங்கியவர்! அந்த இழப்பைத் தொடர் முழுமையாக ஈடுசெய்யவே இல்லை என்பது என் கருத்து. பிந்தைய சீசன்களில் கற்பனை நாடுகள் குறைந்து அமெரிக்க மாஃபியா கும்பல்கள் வந்தபோது சுவையும் குறைந்தது.

இசையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அர்ஜென்டினாவில் பிறந்த லாலோ ஷிஃப்ரின் ஒரு பரபரப்புக் காட்சிக்காக எழுதியதைத்தான் கெல்லர் எடுத்து முகப்பிசையாக வைத்தார். ஒரு சுற்றுக்கு 5 அடி. அதைப் பத்தாகப் பிரித்து, கையில் தாளம் போட்டுச் சொல்லிப் பாருங்கள்: தகிட, தகிட, தக, தக. இரண்டு நெடில், இரண்டு குறில். தந்திக்கான மோர்ஸ் குறியீட்டில் எம், ஐ என்ற எழுத்துகளும் அதேதான். முகப்பில் தீக்குச்சி கிழிக்கும் கை கெல்லருடையது. திரி எரியும்போது மின்னி மறைபவை அந்தந்த எபிசோடின் காட்சிகள். அதனால் ஒவ்வொன்றுக்கும் முகப்பைப் புதிதாக வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது.

மாஸ்க் விஷயத்தில் ஒரு சூட்சுமம். ரப்பர் மாஸ்க் முகத்துக்குக் கனத்தைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. ஒல்லி முகத்தைத் தடித்த முகமாக்கலாம், மாறாக முடியாது. ஆகவே லாண்டாவ் மாஸ்க்கைத் தூக்குவார், தலை குனியும், ஷாட் மாறும், நிமிர்வது வேறு நடிகர். வெட்டு எப்போதும் ஓர் அசைவுக்குள் ஒளிந்திருக்கும். இந்தத் தொடரிலும் பணியாற்றிய ஒப்பனைக் கலைஞர் ஜான் சேம்பர்ஸ் பின்னர் நிஜமாகவே சிஐஏவுக்கு உதவினார். 1980இல் டெஹ்ரானிலிருந்து 6 அமெரிக்கர்களை வெளியே கொண்டுவர, போலிப் படக்கம்பெனி ஒன்றை நம்பும்படி அமைத்ததில் அவருக்குப் பங்குண்டு.

1988இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பழைய கதைவசனங்களை மறுபடி எடுக்கலாம் என்று தொடருக்கு உயிர் கொடுத்தார்கள். படப்பிடிப்பு ஆஸ்திரேலியாவில். பீட்டர் கிரேவ்ஸ் மீண்டும் குழுத் தலைவர் ஜிம் ஃபெல்ப்ஸாக வந்தார். க்ரூஸின் முதல் படம், 1996இல் வந்தது, அதே ஃபெல்ப்ஸைத் துரோகியாக்கியது. குழுவின் கதையை ஒற்றை நாயகனின் கதையாக்கியதோடு இதையும் செய்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனாலும் அதில் க்ரூஸ் கயிற்றில் தொங்கியபடி சத்தமில்லாமல் தகவல் திருடும் காட்சி, பழைய தொடரின் பொறுமை தெரிந்தவர்கள் எடுத்தது.

வரிசை அவசியமில்லை, ஒவ்வொன்றும் தனிக்கதை. முதல் சீசனில் 'தி ட்ரெயின்' பாருங்கள். நகராத ரயில் பெட்டி, ஜன்னலுக்கு வெளியே திரையில் ஓடும் நிலக்காட்சி, ஆட்டம், ஒலி. சினிமாக்காரர்கள் நம்மை ஏமாற்றும் அதே முறையில் குழு ஒரு பிரதமரை நம்பவைக்கிறது. முதல் சீசனில் தலைவராக நடித்தவர் ஸ்டீவன் ஹில். யூத சமயநெறி தவறாத அவர் வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன் படப்பிடிப்பிலிருந்து கிளம்பிவிடுவார். அடுத்த சீசனிலிருந்து கிரேவ்ஸ்.

பிறகு மூன்றாம் சீசனின் 'தி மைண்ட் ஆஃப் ஸ்டெஃபான் மிக்லோஸ்'. எதிரி மகா கூர்மையானவன், அவன் மட்டுமே கவனிக்கக்கூடிய தடயங்களை விட்டுவைத்து அவன் அறிவாலேயே அவனை வீழ்த்துகிறார்கள். போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள், 2 நிமிடம் தவறினாலும் திரும்ப ஓட்ட வேண்டியிருக்கும்.